பைத்தான் நிரலை அடுத்தவர் கணினியில் ஓட வைத்தல்: ஒற்றைக் கோப்பா, கோப்புறையா, கம்பைல் செய்ததா?

பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு சாளர நிரலை, பைத்தான் நிறுவப்படாத கணினியில், அதை நிறுவத் தெரியாத ஒருவர் இருமுறை சொடுக்கித் திறக்கும்படி செய்து கொடுப்பதற்குக் குறைந்தது ஐந்தாறு வழிகள் உண்டு. அவற்றுள் எதைத் தேர்வது என்ற கேள்வி ஓர் அச்சகத்தின் வழியாக என்னிடம் வந்தது. பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்த அழைப்பிதழ்களையும் விழா மலர்களையும் நூல்களையும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றித் தர முடியுமா என்று அதன் உரிமையாளர் கேட்டார். பாமினி உள்ளிட்ட பழைய குறியாக்கங்களை மாற்றும் பகுதி ஓப்பன்-தமிழ் நிரல் நூலகத்தில் ஏற்கெனவே இருப்பதால், அதைச் சுற்றி ஒரு சாளரம் அமைப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. இடப்பக்கம் பழைய உரை, வலப்பக்கம் மாறிய உரை, கீழே மாற்றத்தில் தவறிய சொற்களைத் தட்டச்சாளர் பதிந்து வைப்பதற்கு ஒரு திருத்தப் பட்டியல். நிரல் நான்கு மாலைப் பொழுதுகளில் முடிந்தது. அதை அச்சகத்துக் கணினிகளில் ஒழுங்காக அமர்த்த மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் ஒவ்வொரு வழியையும் முயன்று பார்த்ததால், இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் நிரல் போய்ச் சேரும் கணினிகளைப் பார்த்தாக வேண்டும். நான் அதைக் கடைசியில் பார்த்தேன், அது தவறு. அச்சகத்தில் இரண்டு கணினிகள் 64 பிட் விண்டோஸ் 10. மூன்றாவது கணினி 32 பிட் விண்டோஸ் 7. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் ஓர் அச்சுப்பொறியும் அதிலேயே வேலை செய்வதால் அதை மாற்ற உரிமையாளருக்கு மனமில்லை. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.8. சாளரங்களுக்கு நான் பயன்படுத்திய பைசைட் 6 அடியில் க்யூட்டி 6 என்ற சாளர நூலகத்தைச் சார்ந்தது, அதற்கு விண்டோஸ் 10 வேண்டும். பைஇன்ஸ்டாலர் போன்ற கருவிகள் எவையும் இந்தத் தடையை நீக்குவதில்லை. உங்கள் கணினியில் உள்ள பைத்தானை அப்படியே பொதிந்து கொடுப்பதே அவற்றின் வேலை. 64 பிட் பைத்தானில் கட்டினால் 64 பிட் கோப்பு வரும், விண்டோஸில் கட்டினால் விண்டோஸ் கோப்பு வரும். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸுக்கான கோப்பைக் கட்ட முடியாது. ஆகவே 32 பிட் பைத்தான் 3.8, க்யூட்டி 5.15-ஐச் சார்ந்த பைசைட் 2 என்று இறங்கி வந்தேன். 32 பிட் கோப்பு 64 பிட் விண்டோஸிலும் ஓடும் என்பதால் ஒரே கட்டுமானம் மூன்று கணினிகளுக்கும் போதும் என்று கணக்கிட்டேன். பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன என்பது தெரிந்தே எடுத்த முடிவு இது. அந்த மூன்றாவது கணினி இணையத்தில் இல்லை என்பதால் மட்டுமே இதற்கு ஒப்புக்கொண்டேன்.

பைத்தானோடு இலவசமாக வரும் சாளர நூலகமான டிகே-இன்டரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். பொதியின் அளவு மட்டும் முக்கியம் என்றால் அதுவே வெல்லும், ஏனெனில் டிகே-இன்டரில் எழுதிய சிறு நிரல் 10 மெகாபைட்டை ஒட்டி நிற்கும், க்யூட்டியில் எழுதியது எளிதில் அதைப் போலப் பல மடங்காகும். ஆனால் தமிழ் உரையையே கையாளும் நிரலுக்கு எழுத்து வடிவம் எல்லாக் கணினியிலும் ஒரேபோல வர வேண்டும். க்யூட்டி, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைத் தன்னோடு கொண்டு வருகிறது. நிரலோடு சேர்த்துக் கொடுக்கும் எழுத்துருவைக் கணினியில் நிறுவாமலே ஏற்றிக்கொள்ளவும் அதில் நேரடி வழி உண்டு. விண்டோஸ் 7-இல் தமிழைக் காட்டும் நிர்மலா எழுத்துரு கிடையாது, அது விண்டோஸ் 8-இல் வந்தது. ஆகவே திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பொதிக்குள்ளேயே வைத்தேன். உரிமத்தைப் பொறுத்தவரை பைசைட் எல்.ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது. க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் இன்னொரு நூலகமான பைக்யூட்டி, நிரலின் மூலத்தையும் திறந்து கொடுக்கக் கோரும் ஜி.பி.எல். அல்லது விலை கொடுத்துப் பெறும் உரிமத்தில் கிடைக்கிறது. நிரலை விற்க எண்ணுபவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். பெரும்பாலோர் முதலில் தொடுவது பைஇன்ஸ்டாலரின் ஒற்றைக் கோப்பு முறை. ஒரே ஒரு கட்டளை, ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு, பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம். இந்தக் கவர்ச்சிக்கு நானும் உட்பட்டேன். உள்ளே நடப்பது என்ன என்பதை அறிந்தால் இந்த முறையின் எல்லாக் குறைகளும் ஒரே இடத்திலிருந்து பிறப்பது தெரியும். அந்த ஒற்றைக் கோப்பு உண்மையில் சுருக்கி வைக்கப்பட்ட ஒரு மூட்டை. அதைச் சொடுக்கியதும் முன்னே உள்ள சிறு துவக்க நிரல் விண்டோஸின் தற்காலிகக் கோப்புறைக்குள் புதிதாக ஒரு கோப்புறையை உண்டாக்கி, பைத்தான், க்யூட்டி, எழுத்துரு என்று அனைத்தையும் அங்கே விரித்து, அதன் பிறகே உங்கள் நிரலை இயக்குகிறது. நிரலை மூடியதும் அந்தக் கோப்புறையை அழித்துவிடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இந்த விரிப்பு மீண்டும் நடக்கும். பழைய வன்தட்டுள்ள கணினியில் சொடுக்கியபின் பல நொடிகளுக்குத் திரையில் எதுவும் தோன்றாது. திறக்கவில்லையோ என்று தட்டச்சாளர் மீண்டும் சொடுக்குவார், சற்று நேரத்தில் இரண்டு சாளரங்கள் வந்து நிற்கும். நிரல் உறைந்துபோய் டாஸ்க் மேனேஜர் வழியாக வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால், விரித்த கோப்புறை அழிக்கப்படாமல் அங்கேயே தங்கும். மாதக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் வன்தட்டில் இடம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

எனக்கு நேர்ந்தது இவற்றைவிடக் கடுமையானது, பிழை முழுவதும் என்னுடையது. திருத்தப் பட்டியலை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே ஒரு ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) கோப்பாக வைத்து, அதன் பாதையை நிரல் கோப்பின் பாதையிலிருந்தே கணக்கிட்டிருந்தேன். என் கணினியில் நிரலை நேராக ஓட்டியபோது அது சரியாக இருந்தது. ஒற்றைக் கோப்பாகப் பொதிந்த பிறகு “நிரல் இருக்கும் கோப்புறை” என்பது அந்தத் தற்காலிகக் கோப்புறையாகிவிட்டது. தட்டச்சாளர் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, பழைய மலர் ஒன்றில் தவறிய சொற்களை ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கிறார். மாலையில் நிரலை மூடியதும் கோப்புறையோடு பட்டியலும் அழிந்தது. மறுநாள் காலையில் திறந்தபோது நான் பொதிந்து அனுப்பிய வெற்றுப் பட்டியல் மீண்டும் விரிந்து நின்றது. “சார், நேத்து பதிஞ்சது ஒண்ணுகூடக் காணோம்” என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உடனே காரணம் புரிந்தது. புரிந்ததால் அந்த ஒரு நாள் உழைப்பு திரும்பி வரவில்லை. பயனர் உண்டாக்கும் எதையும், விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் நிரல்களின் தரவுக்கென ஒதுக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் எழுத வேண்டும் என்பதும், பொதிக்குள் உள்ளவற்றைப் படிக்க மட்டுமே செய்ய வேண்டும் என்பதும் இந்த முறையைத் தேர்பவர்கள் முதல் வரி எழுதும்போதே மனத்தில் கொள்ள வேண்டியவை.

அடுத்தது அதே பைஇன்ஸ்டாலரின் கோப்புறை முறை. இங்கே எதுவும் விரிக்கப்படுவதில்லை. இஎக்ஸ்இ கோப்பும் அதற்குத் தேவையானவை அனைத்தும் ஏற்கெனவே விரித்த நிலையில் ஒரே கோப்புறையில் இருக்கும். 6.0 பதிப்பிலிருந்து துணைக் கோப்புகள் உள்ளே தனிக் கோப்புறையில் ஒதுக்கப்படுவதால், திறந்து பார்ப்பவருக்கு எதைச் சொடுக்குவது என்ற குழப்பமும் குறைந்திருக்கிறது. ஒற்றைக் கோப்பில் நொடிகளை எண்ண வைத்த அதே கணினியில் இது சட்டென்று திறந்தது. இதற்குச் சொல்லப்படும் ஒரே குறை, கோப்புறையைப் பயனரிடம் கொடுத்தால் அவர் இஎக்ஸ்இ கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்துக்கொண்டு “ஓடவில்லை” என்பார் என்பது. குறை உண்மையானதுதான், ஆனால் அதற்குத் தீர்வு ஒற்றைக் கோப்பு அன்று, ஒரு நிறுவி. இன்னோ செட்டப் 1997 முதல் இருந்து வரும் இலவசக் கருவி. முப்பது வரிக்குள் ஒரு எழுத்துக் கோப்பு எழுதிவிட்டால் அது அந்தக் கோப்புறையை ஒரே நிறுவிக் கோப்பாகச் சுருக்கித் தருகிறது. பயனர் கையில் வருவது ஒரே கோப்பு, விரிப்பு நடப்பது ஒரே முறை, டெஸ்க்டாப்பில் குறுக்குவழியும் நீக்கும் வசதியும் கூடவே வருகின்றன. மக்கள் ஒற்றைக் கோப்பிடம் எதிர்பார்ப்பது உண்மையில் இதைத்தான் என்பது என் எண்ணம்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் நிறுவினால் சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் அனுமதி இராது, நிர்வாகியின் கடவுச்சொல்லும் கேட்கும். அச்சகத்தில் அந்தக் கடவுச்சொல் கணினி விற்றவரிடம் இருந்தது. நிர்வாகி அனுமதி இல்லாமலே அந்தந்தப் பயனரின் கணக்குக்குள் நிறுவும்படி இன்னோ செட்டப்பில் ஒரு வரியில் சொல்லலாம். அப்படிச் செய்தேன், கடவுச்சொல்லைத் தேடும் வேலை இல்லாமல் போயிற்று.

வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் தொல்லையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைக் கண்டுதான் கருவியையே மாற்றுகிறார்கள். பைஇன்ஸ்டாலரோடு ஏற்கெனவே கட்டி அனுப்பப்படும் துவக்க நிரல் உலகம் முழுவதும் ஒன்றே. நல்ல நிரல்களிலும் அது இருக்கிறது, அதே கருவியால் பொதியப்பட்ட தீய நிரல்களிலும் இருக்கிறது. எனவே உங்கள் குற்றமற்ற கோப்பும் ஐயத்துக்கு உள்ளாகிறது. தன்னைத்தானே தற்காலிகக் கோப்புறையில் விரித்து இயக்கிக்கொள்ளும் ஒற்றைக் கோப்பின் நடத்தை அந்த ஐயத்தைக் கூட்டுகிறது. யூ.பி.எக்ஸ். என்ற சுருக்கும் கருவியைக் கொண்டு மேலும் சுருக்கினால் ஐயம் இன்னும் கூடும். சில மெகாபைட் மிச்சத்துக்காக அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. துவக்க நிரலை உங்கள் கணினியிலேயே மூலத்திலிருந்து கட்டிக்கொள்வது பல நேரங்களில் உதவும். அச்சகத்துக் கணினி ஒன்றில் ஒற்றைக் கோப்பு எச்சரிக்கையின்றியே காணாமல் போனது, கோப்புறை முறையில் கட்டியது அங்கேயே தங்கியது. இது வேறு, விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் காட்டும் நீலப் பெட்டி வேறு. அது இணையத்திலிருந்து இறக்கிய, கையொப்பமில்லாத கோப்புகளுக்கு வருவது. எந்தக் கருவியில் கட்டினாலும் வரும். பொதுமக்களுக்கு இணையம் வழியாகக் கொடுப்பவர்கள், நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் குறிமுறைக் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும், 2023 ஜூன் முதல் அதன் திறவுகோலை வன்பொருள் சாதனத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால் செலவும் சிக்கலும் கூடியிருக்கின்றன. மூன்று கணினிகளுக்குப் பென்டிரைவில் கொண்டுபோகிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. மின்னஞ்சலை நம்ப வேண்டாம். ஜிமெயில் இஎக்ஸ்இ கோப்புகளை, ஜிப்புக்குள் வைத்தாலும், ஏற்பதில்லை.

நுயிட்கா முற்றிலும் வேறு வகை. பைஇன்ஸ்டாலர் பைத்தானின் பைட்கோடை (பைத்தான் படித்து இயக்கும் இடைநிலை வடிவத்தை) மூட்டை கட்டுகிறது, நுயிட்காவோ உங்கள் நிரலைச் சி மொழிக்கு மாற்றி, உண்மையான கம்பைலரைக் கொண்டு இயந்திரக் குறிமுறையாக ஆக்குகிறது. குறிமுறையை மறைக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பைஇன்ஸ்டாலர் கோப்பிலிருந்து பைட்கோடைப் பிரித்தெடுப்பதற்கு எளிய கருவிகள் பரவலாகக் கிடைக்கின்றன, பைட்கோடை மறைக்குறியாக்கம் செய்ய அதிலிருந்த வசதியும் 6.0 பதிப்பில் நீக்கப்பட்டது. திறவுகோலும் பொதிக்குள்ளேயே இருந்தால் பூட்டினால் என்ன பயன்? நுயிட்காவில் கம்பைல் ஆனதை மீண்டும் பைத்தானாக்குவது மிகக் கடினம், ஆனாலும் நிரலுக்குள் எழுதிய கடவுச்சொற்களும் சொற்றொடர்களும் தேடுபவர் கண்ணில் படலாம் என்பதால் இரகசியங்களை அங்கே வைக்கக் கூடாது. நுயிட்காவின் ஒற்றைக் கோப்பும் விரித்தே ஓடுகிறது என்றாலும், விரிக்கும் இடத்தைப் பதிப்பு எண்ணோடு நிலையான கோப்புறையாகக் குறிப்பிட்டால் இரண்டாம் முறை விரிக்காமல் திறக்கும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

விலை நேரமாகக் கேட்கப்படுகிறது. பைஇன்ஸ்டாலர் ஒரு நிமிடத்தில் முடித்ததை நுயிட்கா முடிக்க என் மடிக்கணினியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு பொத்தானின் பெயரை மாற்றிச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காத்திருப்பு உண்டு. சி கம்பைலரும் வேண்டும். வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் இதைத் தேர்பவர்களுக்கு ஒரு சொல்: சாளர நிரல் தன் நேரத்தின் பெரும் பகுதியைப் பயனரின் சொடுக்குக்குக் காத்திருப்பதிலும், ஏற்கெனவே சி++-இல் எழுதப்பட்ட க்யூட்டிக்குள்ளும் கழிக்கிறது. அங்கே கம்பைல் செய்து மிச்சப்படுத்துவதற்கு அதிகம் இல்லை. என் நிரலில் ஒரு நூலைத் திறந்து மாற்றும் நேரம் சற்றுக் குறைந்தது, ஆனால் தட்டச்சாளர் அதைக் கவனிக்கவில்லை. மேலும் பைசைட் 6-க்கு நுயிட்கா தரும் முழு ஆதரவு பைசைட் 2-க்கு இல்லை என்று அதுவே எச்சரிக்கிறது. விண்டோஸ் 7 என்ற ஒரு காரணம் என்னைப் பைசைட் 2-இல் நிறுத்திவிட்டதால், நுயிட்காவை இந்த வேலைக்கு ஒதுக்கி வைத்தேன். விலைக்கு விற்கும் மென்பொருள், எல்லாக் கணினியும் விண்டோஸ் 10-க்கு மேல் என்ற நிலையில் நான் நுயிட்காவையே எடுப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சி.எக்ஸ்.ஃப்ரீஸ் கோப்புறை முறையில் மட்டும் கட்டுகிறது, ஆனால் விண்டோஸின் சொந்த நிறுவி வடிவமான எம்.எஸ்.ஐ. கோப்பையும் தானே உண்டாக்கித் தரும். பல கணினிகளில் ஒரே நேரத்தில் நிறுவும் அலுவலகங்களின் கணினிப் பிரிவினர் எம்.எஸ்.ஐ. கோப்பையே கேட்பார்கள் என்பதால் அங்கே இதற்கு மதிப்பு உண்டு. பை2எக்ஸி விண்டோஸுக்கு மட்டுமானது. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தேர வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பீவேர் திட்டத்தின் பிரீஃப்கேஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றோடு கைப்பேசிகளையும் குறிவைப்பது. நிரலின் கோப்புறை அமைப்பையே அது சொல்லும் முறைப்படி முதலிலிருந்து அமைத்துக்கொண்டால் நன்றாக வேலை செய்யும், முடிந்த நிரலைக் கடைசியில் அதற்குள் நுழைப்பது உழைப்பு.

பலரும் கவனிக்காத ஒரு வழிக்கு நான் கூடுதல் இடம் கொடுக்க விரும்புகிறேன். பைத்தான் அமைப்பே விண்டோஸுக்கென்று ஒரு உட்பொதிப்புப் பொதியை 3.5 பதிப்பிலிருந்து ஜிப் வடிவில் வெளியிட்டு வருகிறது. நிறுவத் தேவையில்லாத, சில மெகாபைட் அளவுள்ள, தேவையானவை மட்டும் கொண்ட பைத்தான் அது. அதை விரித்து, அருகில் உங்கள் நிரலையும் நூலகங்களையும் வைத்து, கரும்பெட்டி (கட்டளைச் சாளரம்) தோன்றாத இயக்கியான பைத்தான்-டபிள்யூவுக்கு ஒரு குறுக்குவழி அமைத்தால் வேலை முடிந்தது. எந்தத் துவக்க நிரலும் இடையில் இல்லை, இயங்குவது பைத்தான் அமைப்பு கையொப்பமிட்ட இஎக்ஸ்இ என்பதால் வைரஸ் ஐயமும் பெரும்பாலும் எழாது. நிரலில் ஒரு வரி மாறினால் அந்த ஒரு கோப்பை மட்டும் அனுப்பினால் போதும். குறைகளும் உண்டு. இந்தப் பொதியில் டிகே-இன்டர் இல்லை, நூலகங்களை நிறுவும் கருவியான பிப்பும் இல்லை. நூலகங்களைத் தேடும் பாதையைப் பொதியோடு வரும் சிறு எழுத்துக் கோப்பில் கையால் சேர்க்க வேண்டும். நிரலின் மூலம் திறந்தபடி கிடக்கும், ஆர்வமுள்ள எவரும் திருத்திவிடலாம். அடிக்கடி மாறும், ஒரே அலுவலகத்துக்குள் ஓடும், மறைக்க எதுவுமில்லாத நிரலுக்கு இதைவிட நேர்மையான வழியை நான் காணவில்லை.

எந்த வழியில் போனாலும் சந்திக்க வேண்டிய சில இடங்கள் பொதுவானவை. முதலில் புதிதாக ஒரு மெய்நிகர்ச் சூழல் (நூலகங்களைத் தனியே வைக்கும் பைத்தான் கோப்புறை) அமைத்து, நிரலுக்குத் தேவையானவற்றை மட்டும் அதில் நிறுவிக் கட்ட வேண்டும். எல்லாம் நிறுவிய அன்றாடப் பைத்தானில் கட்டினால், எங்கோ ஒரு நூலகம் விருப்பமாகக் கேட்ட நம்பை, பாண்டாஸ் போன்ற பெரிய நூலகங்கள் எல்லாம் பொதிக்குள் ஏறிவிடும். பெயரைச் சரமாகக் கொடுத்து ஓடும்போது இறக்குமதி செய்யும் கூறுகளைப் பைஇன்ஸ்டாலரால் காண முடியாது. அவற்றை நாமே சொல்ல வேண்டும். கட்டும்போது எழுதப்படும் எச்சரிக்கைக் கோப்பைப் படித்தால் விடுபட்டவற்றின் பட்டியல் அதில் இருக்கும். கரும்பெட்டியை மறைத்துக் கட்டினால் நிரலுக்கு எழுதும் திரை என்று ஒன்று இருக்காது, அப்போது முன்னேற்றத்தைத் திரையில் எழுத முயலும் நூலகம் ஒன்று நிரலையே சத்தமின்றிக் கவிழ்த்துவிடும். ஆகவே முதல் கட்டுமானத்தைக் கரும்பெட்டியோடு வைத்துக்கொண்டு, கட்டளைச் சாளரத்திலிருந்து ஓட்டிப் பிழைச்செய்தி இல்லை என்று கண்ட பிறகே அதை மறைக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல செயல்முறைகளை இயக்கும் நிரலில், இப்படிப் பொதிந்த நிரலுக்கான ஆதரவு வரியை (freeze_support) முதன்மைப் பகுதியின் முதல் வரியாகச் சேர்க்கத் தவறினால் சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும்.

இவ்வளவும் எடைபோட்ட பின் அச்சகத்துக்கு நான் கொடுத்தது பைஇன்ஸ்டாலரின் கோப்புறை முறையும் இன்னோ செட்டப் நிறுவியும். விண்டோஸ் 10 கணினிகள் இரண்டிலும் முதல் முயற்சியிலேயே திறந்தது. விண்டோஸ் 7 கணினி, ஒரு சி இயக்கநேரக் கோப்பு இல்லை என்று கூறி நின்றது. பைத்தான் 3.5 முதல் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் பொது சி இயக்கநேர மேம்பாடு, பல ஆண்டுகளாக இணையம் பார்க்காத அந்தக் கணினியில் ஏறியிருக்கவில்லை. அந்த மேம்பாட்டுக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய், கணினி விற்றவரை வரவழைத்து நிறுவிய பின் அங்கும் நிரல் திறந்தது. திருத்தப் பட்டியல் இப்போது பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் இருக்கிறது. இன்னோ செட்டப் தான் வைத்த கோப்புகளை மட்டுமே நீக்கும் என்பதால், நான் இதுவரை அனுப்பிய நான்கு புதிய பதிப்புகளில் எதுவும் அந்தப் பட்டியலைத் தொடவில்லை.